பச்சை வெல்வெட் கோட்டும் மஞ்சள் பையும்

'இந்த வருஷம் துணி அலமாரியை நானேதான் மாற்றி அடுக்கப் போகிறேன்' என்று எர்மான்னோ சவரக் கண்ணாடி முன்னால் சபதம் செய்தார். அப்போது பாதிக் கன்னத்தில் நுரை இருந்தது. இருந்தாலும் சபதம் சபதம்தான்.

இத்தாலியின் ஃபோர்லி நகரத்தில் எல்லா வீட்டிலும் வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கிற கூத்து இது. வெயில் வந்தால் கம்பளி கட்டடத்து உச்சியிலுள்ள பரணுக்கு ஏறும், பருத்தி கீழே இறங்கும். குளிர் வந்தால் அப்படியே தலைகீழ். இந்த ஏற்ற இறக்கத்துக்கு நடுவில் அவர் மனைவி நோர்மா, மாதா கோயில் தர்மத்துக்கென்று ஒரு மஞ்சள் பையைத் திறந்து வைப்பாள். அதற்குள் போன துணி திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. எர்மான்னோவின் மீன்பிடிக் கால்சட்டை அப்படித்தான் போயிற்று. கட்டம் போட்ட தொப்பியும் போயிற்று. போன மாதம் ரொட்டிக்கடை வாசலில் அந்தத் தொப்பி வேறு யாரோ ஒருவர் தலையில் ஏறிப் போவதை அவரே கண்ணால் பார்த்தார். தொப்பி அவரைக் கண்டுகொள்ளவே இல்லை.

இப்போது அடுத்த பலிக்கு நாள் குறித்தாயிற்று. சவரத்துக்கு முன், காலைக் காப்பியின்போதுதான் அது நடந்தது.

"அந்தப் பச்சைக் கோட்டு இந்தத் தடவை பைக்குப் போகுது," என்றாள் நோர்மா, ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டே.

எர்மான்னோவுக்குக் காப்பி புரையேறியது. "அது பாட்டுக்கு ஒரு மூலைல தொங்குது. உன்னை என்ன பண்ணுது?"

"என்னை ஒண்ணும் பண்ணல. பூச்சிக்குச் சோறு போடுது."

"ஒரு நாள் போட்டுக்குவேன்."

"எப்படி? ஒரு கைய மட்டும் நுழைச்சா?"

வெல்வெட் கோட்டு. வாலிபத்தில் ரிமினி சாலை நடன அரங்கில் அதைப் போட்டுக்கொண்டு அவர் மசூர்க்கா ஆடினால் கூட்டமே விலகி வழிவிடுமாம். அவர் சொல்வதுதான், வேறு சாட்சி கிடையாது. இப்போது அதன் பொத்தானும் துளையும் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் அதைத் தொட்டால் எர்மான்னோவின் கூன் தானாக நிமிரும். அது போய்விட்டால் தான் வெறும் ஓய்வுபெற்ற தபால் குமாஸ்தாதான் என்று அவருக்கு உள்ளூரப் பயம்.

யார் அடுக்குகிறார்களோ அவர்கள் வைத்ததுதானே சட்டம்? சவரம் முடிந்ததும் நேரே சமையலறைக்குப் போனார்.

"நோர்மா, நீ சனிக்கிழமை உன் தங்கச்சி வீட்டுக்குத்தானே போற? நிம்மதியாப் போயிட்டு வா. அலமாரிய நான் பாத்துக்கறேன்."

"நீயா? முதுகு வலின்னு நேத்துதானே முனகின?"

"அது நேத்து."

"கம்பளியெல்லாம் கையால அலசணும்."

"அலசறேன்."

"அலமாரிக்குள்ள வினிகர் போட்டுத் துடைக்கணும்."

"துடைக்கறேன்."

"பெட்டியெல்லாம் பரணுக்குத் தூக்கணும். மூணு மாடி. லிஃப்ட் கிடையாது."

"தூக்கறேன் தாயே!"

"ஏப்ரல் மாசத்துலயா?"

"வெயிலப் பாரு. பல்லக் காட்டுது."

நோர்மா ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தாள். உள்ளே போய்த் தன் பயணப் பையில் இரண்டு கனத்த ஸ்வெட்டரை எடுத்து வைத்தாள். மே பாதி தாண்டாமல் கம்பளியைப் பரணேற்றுகிறவன் அந்த ஊரில் ஒன்று வெளியூர்க்காரன், இல்லை எர்மான்னோ.

சனிக்கிழமை காலையில் அவள் தலை மறைந்ததும் போர் தொடங்கியது. குளியல் தொட்டியில் முழங்கை வரை நுரையோடு அலசினார். ஸ்வெட்டர் ஒன்று குழந்தைச் சட்டை அளவுக்குச் சுருங்கியது. அதிர்ஷ்டவசமாக அது அவருடையது. வினிகர் நெடியில் கண் கரித்தது. லாவெண்டர் பையைச் சட்டைக்குச் சட்டை சொருகினார். கடைசியில் பச்சைக் கோட்டை மடித்து, நோர்மாவின் கறுப்பு ஓவர்கோட்டு உறைக்குள் நுழைத்து, பெட்டியின் அடியில் பதுக்கினார். அக்டோபர் வரை அவள் அதைத் தொடமாட்டாள். பெட்டிகளைப் பரணில் ஏற்றிவிட்டு இறங்கும்போது முதுகு ஒடிந்திருந்தது, மனம் மட்டும் மசூர்க்கா ஆடியது.

ஞாயிறு மாலை நோர்மா வந்தாள். அலமாரியில் விரலை ஓட்டிப் பார்த்தாள். "பரவாயில்லையே, நல்லாத்தான் பண்ணியிருக்க," என்றாள். கோட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. மறந்துவிட்டாள் என்று எர்மான்னோ பூரித்துப் போனார்.

செவ்வாய்க்கிழமை கடல் பக்கமிருந்து காற்று திரும்பியது. மழை, மேற்கொண்டு குளிர். சட்டப்படி நிறுத்தவேண்டிய நாள் தாண்டிவிட்டதால் கட்டடத்தின் வெப்பக் குழாய்களை ஏற்கெனவே அணைத்திருந்தார்கள். ஊரே கம்பளிக்குள் இருந்தது. எர்மான்னோ மட்டும் அரைக்கைச் சட்டையில் பல்லால் தாளம் போட்டார்.

"ஹச்!"

"பரணுக்குப் போய் ஏதாவது எடுத்துப் போட்டுக்கயேன்," என்றாள் நோர்மா, ஸ்வெட்டருக்குள்ளிருந்து.

"எனக்கென்ன குளிர்? ஹச்! நல்லா... ஹச்!... இருக்கு."

மூன்றாம் தும்மலில் வீரம் கழன்றது. மேலே ஓடினார். பெட்டியின் அடிவரை கையை விட்டு, உறைக்குள்ளிருந்து அவர் முதலில் உருவியது பச்சைக் கோட்டைத்தான். மாட்டிக்கொண்டார். பரண் ஜன்னல் வழியாகக் கீழ்ப் பால்கனிப் பேச்சு ஏறி வந்தது. எதிர்வீட்டு வான்னாவும் நோர்மாவும்.

"உன் வீட்டுக்காரர் அலமாரி மொத்தத்தையும் முடிச்சுட்டாராமேடி! என்னோடது ஒரு காலுறைய மடிக்காது. என்ன மந்திரம் போட்ட?"

"மந்திரம் என்ன மந்திரம்? பச்சைக் கோட்டப் பையில போடறேன்னு ஒரு வார்த்தை சொன்னேன். அவ்வளவுதான்."

"எங்க ஒளிச்சாரு?"

"வேற எங்க? என் கறுப்பு ஓவர்கோட்டு உறைக்குள்ளதான் இருக்கும். போன கிறிஸ்துமஸுக்கு எனக்கு வாங்கின தோட்டையும் அங்கதான் ஒளிச்சு வெச்சிருந்தான்."

"நிஜமாவே போட்டுடுவியா?"

"உனக்கென்ன கிறுக்கா? அந்தக் கோட்டுலதான் என்கூட மொதல்ல ஆடினான். தவிர, அதப் போட்டுட்டா அக்டோபர்ல எதச் சொல்லி வேலை வாங்கறது?"

எர்மான்னோவுக்கு ரத்தம் கொதித்தது. குளிருக்கு அது இதமாகவே இருந்தது. தன்னை ஆட்டிவைக்கிற இந்தக் கயிற்றை இன்றே அறுத்துவிட வேண்டும்! திமுதிமுவென்று இறங்கினார். கோட்டைக் கழற்றி, வாயைப் பிளந்து நின்ற மஞ்சள் பைக்கு மேலே நீட்டிப் பிடித்தார்.

"இதோ! நானே போடறேன்!"

நோர்மா பால்கனியிலிருந்து வந்து நிதானமாகப் பார்த்தாள். "போடு."

கை நீண்டபடி நின்றது. விரல் விரியவில்லை. அவளும் நின்றாள். மழை பெய்தது.

"போடலையா?"

"...ஹச்!"

"சரி, குடு. பொத்தான் தொங்குது. கொஞ்சம் தள்ளி வெச்சுத் தைச்சுத் தரேன், மூட வரும்." கோட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நீ போய் பெட்டியெல்லாம் இறக்கிட்டு வா. எல்லாத்தையும் திரும்ப அடுக்கணும்."

பொத்தான் மூடும் என்ற சந்தோஷத்தில் எர்மான்னோ இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினார். மே மாதம் அத்தனையையும் மறுபடி மேலே தூக்கப்போவது யார் என்பது பாதி வழியில்தான் அவருக்கு உறைத்தது.