அரை கிளாஸ் அண்ணாத்தே

உலகத்தில் பீரை அளவாகக் குடித்த ஒரே மனிதர் எங்கள் அரை கிளாஸ் அண்ணாத்தேதான். மற்றவர்களெல்லாம் அளவாகக் குடிப்பதாகச் சொல்லிக்கொண்டவர்கள்.

எண்பதுகளின் நடுவில் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை கிடைத்து, பக்கத்திலேயே ஒரு வாடகை வீட்டில் நாலைந்து பிரம்மச்சாரிகளோடு ஒண்டிக்கொண்டேன். வீட்டின் மூத்த பிரம்மச்சாரி அண்ணாத்தே. எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். அவரிடம் ஒரு கண்ணாடி கிளாஸ் இருந்தது. அதன் பாதியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு. பிரம்மச்சாரிக்கு நகப்பூச்சு எங்கே கிடைத்தது என்று கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை.

சனிக்கிழமை சாயந்திரம் ஒரு பீர் வாங்குவார். கோடு வரைக்கும் ஊற்றி, மருந்து மாதிரி குடித்துவிட்டுக் கழுவி வைத்துவிடுவார். மீதியை நாங்கள் அளவில்லாமல் தீர்த்து வைப்போம்.

"அண்ணாத்தே, பீரு ஒடம்புக்கு நல்லதா, கெட்டதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நல்லதுன்னா நீ ரெண்டு பாட்டில் அடிப்பே. கெட்டதுன்னா எனக்குத் தெரியாம அடிப்பே. நான் இன்னாத்துக்கு வாயத் தொறக்கணும்?"

திருநின்றவூரில் நண்பன் கல்யாணம். பெண்ணின் தாய்மாமன் பாட்டிலும் கையுமாக உபசரித்தார். அண்ணாத்தே பையிலிருந்து தன் கிளாஸை எடுத்து நீட்டினார். கோடு வந்ததும் கையால் மூடிக்கொண்டார். தாய்மாமனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இன்னாப்பா, ஊத்துறவனுக்கு ஒரு மரியாத கெடையாதா?"

"மரியாத நெறைய கீது மாமே. கோடுதான் இம்மாத்தூண்டு கீது!"

பந்தலே சிரித்தது. கடைசியில் தாய்மாமனும் சிரித்துவிட்டார்.

அடுத்த வருஷக் கோடையில் எனக்குச் சாப்பாடு பிடிக்காமல் போயிற்று. வாந்தி. சிறுநீர் மஞ்சளாகப் போனது. "சூடு மச்சான், ஜில்லுனு ஒரு பீர் அடி, சரியாப்பூடும்" என்று வீட்டு வைத்தியர்கள் பாட்டிலைத் திறந்து என் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். வாய்க்குக் கொண்டுபோகிற நேரத்தில் அண்ணாத்தே வேலையிலிருந்து வந்தார். என் கண் இமையை இழுத்துப் பார்த்தார். பாட்டிலைப் பிடுங்கிச் சாக்கடையில் கவிழ்த்தார்.

"சூடாம் சூடு! கண்ணு மஞ்சக்கிழங்கு மாதிரி கீது. ஏறுடா வண்டில!"

மொபெட்டில் தெருமுனை டாக்டரிடம் கொண்டுபோனார். மஞ்சள் காமாலையேதான்.

"ஒரு சொட்டு சாராய வகையறா உள்ளே போகக்கூடாது. ஈரல் தாங்காது" என்றார் டாக்டர்.

அண்ணாத்தே தயங்கித் தயங்கிக் கேட்டார். "நல்லா கீறவங்க, அளவா, ஒரு அரை கிளாஸ்... ஒடம்புக்கு நல்லதுதானே சார்?"

"அளவாக் குடிச்சா கெடுதல் கொறையும். அதை நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன்ப்பா."

 

அப்புறம் எனக்குக் கஞ்சி, மோர், கீழாநெல்லி எல்லாம் அவர் கையால்தான். நான் படுத்திருந்த சனிக்கிழமைகளில் வீட்டுக்குள் பாட்டிலே வரவில்லை. வாசலில் எவனாவது பையை மறைத்துக்கொண்டு வந்தால், "ஈரல்!" என்று ஒரு சத்தம் போடுவார். வந்தவன் அப்படியே திரும்பிப் போவான். நான் கஞ்சி வேண்டாமென்று முகத்தைத் திருப்பினால், "குடி நைனா, இதுக்குக் கோடே கெடையாது" என்று கெஞ்சுவார்.

உடம்பு தேறி மறுபடி வேலைக்குக் கிளம்பிய காலையில், அண்ணாத்தே என் டிபன் பாக்ஸைப் பிடுங்கிக்கொண்டு கூடவே நடந்தார்.

"நீங்க எங்க இந்தப் பக்கம்?"

"ஒரு வேல கீதுடா. நீ மெதுவா நட."

என் கம்பெனி வாசலில் டிபனைக் கொடுத்துவிட்டு, நான் உள்ளே போகும்வரை நின்றார். அவருடைய கம்பெனி எஸ்டேட்டின் அந்தக் கோடியில், நேர் எதிர்த்திசையில் இருந்தது.

நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. ஆனாலும் கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று யாராவது கேட்டால், அம்பத்தூரில் ஒரு அண்ணன் என்றுதான் வாயில் வருகிறது.