எட்டில் ஆறு போனால்

டப்பாவைக் கவிழ்த்து எண்ணினார் ஸ்டோர் கீப்பர். வெள்ளை மாத்திரை எட்டு. மறுபடி எண்ணினார். அப்போதும் எட்டு.

இருக்க வேண்டியது இரண்டு. மாரடைப்பு வந்து, நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து, ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய டப்பா அது. லேபிளில் முப்பது என்று போட்டிருந்தது. இன்றோடு இருபத்தெட்டு நாள். பத்து மணிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும். மிச்ச மாத்திரையோடு வரச் சொல்லியிருந்தார்கள்.

ஆக, ஆறு நாள் விட்டிருக்கிறார். மனசாட்சி பத்துக்கு மேலே சொன்னது, கணக்கு ஆறு என்றது. உதிரிபாகக் கிடங்கில் இருபது வருஷம் குப்பை கொட்டியவர், கணக்கைத்தான் நம்பினார்.

மாத்திரை போட்டால் நோயாளி என்ற நினைப்பு வருகிறது. போடாவிட்டால் ஜம்மென்று இருக்கிறது. அவர் கட்சி அவ்வளவுதான். மாத்திரைக் கணக்கு சரியாயிருந்து டாக்டர் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம். அங்கே அவர் இல்லாமல் நட்டும் போல்ட்டும் ஒரே பெட்டியில் குடித்தனம் நடத்துவதாகக் கேள்வி.

ஆடிட் வந்தால் என்ன செய்வார்? சரக்கைக் கணக்குக்குச் சரிக்கட்டுவார். ஆறு மாத்திரையை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

ஐந்தே நிமிஷத்தில் மனைவி கூடையோடு வந்து நின்றாள்.

"என்னங்க இது?"

"கை தவறிக் கீழே கொட்டிடுச்சு."

"சொல்ல மாட்டீங்களா? உயிர் காக்கற மருந்துங்க!"

அவர் பகலில் கொஞ்சம் கண்ணயர்ந்தாலே மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறவள் அவள். அன்றைக்கு வந்த பயம் இன்னும் போகவில்லை. மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்கு ஓடி, அதே மாத்திரை ஆறு வாங்கி வந்து டப்பாவில் போட்டாள்.

மறுபடி எட்டு.

அவள் சேலை மாற்றப் போன நேரத்தில் ஆறை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வழியில் எங்கேயாவது வீசிவிடலாம். வாசலில் மச்சான் டாக்ஸியோடு நின்றான். குனிந்து ஏறி, குனிந்து இறங்கினார். ஆஸ்பத்திரி வாசலில் பையைத் தடவினால் ஒன்றுமில்லை. அப்பாடா, சனியன் விட்டது என்று நினைத்தார்.

"அக்கா! அக்கா, நில்லு!" மச்சான் மூச்சிரைக்க ஓடிவந்தான். "மாமாவோட மாத்திரை டாக்ஸி சீட்டுல கிடந்துச்சு. ஆறும் பத்திரமா எடுத்துட்டேன்."

"நல்லவேளை, நீ பார்த்தே. இந்த டப்பா மூடியே சரியில்லைடா."

ஆறையும் உள்ளே போட்டு, ரப்பர் பேண்டால் இரண்டு சுற்றுச் சுற்றினாள். ஸ்டோர் கீப்பருக்கு மச்சான்மேல் வந்த கோபம், கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

"டப்பாவைக் கொடு, நானே வச்சுக்கறேன். பாத்ரூம் போயிட்டு வரேன்."

"பாத்ரூமுக்கு டப்பா எதுக்குங்க?"

"என் மருந்து, என் பொறுப்புன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?"

அவள் முகம் மலர்ந்தது. "இப்பத்தான் உங்களுக்குப் புத்தி வந்திருக்கு" என்று கொடுத்தாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் அவருக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. ஆனால் திங்கட்கிழமை பெரிசா, வெட்கம் பெரிசா?

கழிப்பறையில் ஆறையும் போட்டுத் தண்ணீரை அழுத்தினார். நான்கு போயின. இரண்டு, போக மாட்டேன் என்று மிதந்தன. தொட்டி நிரம்புகிறவரை நின்றார். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள்.

"உள்ளே யாரு? உடம்புக்கு ஏதாச்சுமா?"

"ஒண்ணுமில்லை, வந்துட்டேன்!"

இரண்டாவது அழுத்தலில் எல்லாம் ஒழிந்தது. வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார். மனைவி முந்தானையால் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

பெயரைக் கூப்பிட்டார்கள். நர்ஸம்மா டப்பாவைத் தட்டில் கவிழ்த்தார்.

"வெள்ளை ரெண்டு."

"கரெக்டா ரெண்டு" என்றார் ஸ்டோர் கீப்பர், நெஞ்சை நிமிர்த்தி. "இருபத்தெட்டு நாள், இருபத்தெட்டு மாத்திரை. வேணும்னா திரும்ப எண்ணிக்குங்க."

"ஒரு வேளைகூடத் தவறலைங்க" என்று, எண்ணிக்கையைக் காதில் வாங்காமலே மனைவி பெருமையோடு சாட்சி சொன்னாள்.

நர்ஸம்மா இரண்டு மாத்திரைகளையும் பார்த்தார். பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஐயா, இந்தத் தடவை மருந்து கட்டினவங்க தப்பா எண்ணி, எல்லார் டப்பாவுலயும் வெள்ளை மாத்திரை இருபத்தஞ்சுதான் போட்டுட்டாங்க. ஒழுங்கா முழுங்கினவங்க எல்லாரும் மூணு நாள் முன்னாடியே காலி டப்பாவோட வந்து சண்டை போட்டுட்டுப் போயிட்டாங்க, உங்களுக்கு மட்டும் எப்படி ரெண்டு மிச்சம்?"