மலைப் பங்களா

"மலை எங்கப்பா?" என்று ஜட்காவிலிருந்து இறங்கியதும் முசே தணிகைவேல் கேட்டார். நாலு திசையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். முந்திரிக்காடு, பனைமரங்கள், தூரத்தில் ஏரிக்கரை. அதற்கு மேல் வானம்தான்.

பங்களாக் காவல்காரன் ஆதிமூலம் தலையைச் சொறிந்தான். காட்டேரிக்குப்பத்துக்கு வெளியே தனியாக நின்ற அந்த சர்க்கார் கட்டடத்துக்கு மலைப் பங்களா என்று பெயர். கட்டிய வெள்ளைக்கார இஞ்சினியருக்குச் சொந்த ஊர் ஞாபகம் வந்ததோ என்னவோ, மலைப்படம் எழுதிய பலகை ஒன்றை வாசலில் மாட்டிவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டார். பலகையில் இருந்த மலையைத் தவிர வேறு மலை அந்த வட்டாரத்தில் கிடையாது. இத்தனை வருஷமாக யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. தங்க யாராவது வந்தால்தானே கேட்பதற்கு!

இப்போது வந்திருப்பவர் புதுச்சேரி நீதிமன்றத்தில் பெரிய எழுத்தர்; பிரெஞ்சு சர்க்கார் உத்தியோகஸ்தர் என்பதால் ஊருக்கெல்லாம் அவர் 'முசே', அவர் மனைவி 'மதாம்'. உடம்பு பெருத்துப்போனதால் தினம் மலையேறச் சொல்லி டாக்டர் உத்தரவு. முந்தின நாளே இஞ்சினியர் ஆபீஸ் சேவகன் வந்து எச்சரித்துவிட்டுப் போயிருந்தான். "அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம அவரோட மதாம் வந்து பாப்பாங்க. இப்ப இருக்கற நம்ம இஞ்சினியருக்குக் கூடப் பொறந்தவங்க. எதுனா கொற சொன்னாங்கன்னா பங்களாவ இழுத்துப் பூட்டிடுவாரு. நீ வேற பொழப்பப் பாத்துக்க வேண்டியதுதான்."

"சொல்லுப்பா, மலை இருக்கா இல்லையா?" என்றார் முசே. முகத்தில் ஒரு மலர்ச்சி தெரிந்தது. பெரிய மனுஷர்கள் கோபத்தை அப்படித்தான் மறைப்பார்கள் என்று ஆதிமூலம் நினைத்துக்கொண்டான்.

"இருக்குதுங்க முசே. காலைல காட்டறேன். தெனம் ஏத்தி எறக்கணும்னு மதாம் சொல்லி அனுப்பிட்டாங்க."

மலர்ச்சி போன இடம் தெரியவில்லை.

ஜட்காக்காரர் ரஷீத் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, முசேயை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குதிரையைத் திருப்பிக்கொண்டு போனார். பெட்டியில் இரண்டு தலையணை, ஒரு டின் முறுக்கு, ஒரு கட்டுக் கதைப்புத்தகம். பூட்ஸும் இல்லை, தடியும் இல்லை. பாவம், மறந்துவிட்டார் என்று ஆதிமூலம் மனமிரங்கி, நல்ல மூங்கிலாகப் பார்த்து ஒரு தடி வெட்டி வைத்தான்.

மறுநாள் விடியற்காலையில் எழுப்பி ஏரிக்கரைக்கு அழைத்துப் போனான். முசே கரை மேல் ஏறி நின்று பெருமூச்சு விட்டார்.

"உயரம் பத்தலபோல" என்று வீட்டில் வந்து சொன்னான்.

"ஏரிக்கரையக் காட்டி மலைன்னா? அவருக்கு இன்னா கண்ணு தெரியாதா?" என்றாள் அவன் மனைவி திரௌபதி. "முந்திரிக்காட்டுக்குப் பின்னால செம்மண் மேடு இருக்குது இல்ல?"

செம்மண் மேட்டில் ஏறும்போது முசேக்கு மூச்சு வாங்கியது. அடுத்த நாள் அதே மேட்டில் பின்பக்கமாக ஏற்றினான்.

"நேத்து ஏறினதும் இதுதானே?"

"அது வடக்கு மலைங்க. இது தெக்கு மலை."

முசே தடியை ஊன்றி நின்றார். "போதும்பா ஆதிமூலம். நான் பேசாமல் பங்களாவிலேயே இருக்கிறேனே."

ஆதிமூலத்துக்கு அழுகை வராத குறை. இவ்வளவு மனம் விட்டுப்போயிருக்கிறாரே மனுஷன்! இதை மதாமிடம் சொன்னால் குடும்பத்தோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். அன்று ராத்திரி மீன் குழம்பு கேட்டவருக்கு, ஏறுவதற்கு உடம்பு லேசாக இருக்கட்டும் என்று கேழ்வரகுக் கூழ் கொடுத்தான். முழங்கால் வலிக்கிறது என்றார். நல்லெண்ணெய் காய்ச்சி நீவிவிட்டு, "காலைக்கு சரியாப் பூடும், முசே" என்றான்.

மறுநாள் பிரெஞ்சு எல்லை தாண்டி இங்கிலீஷ்காரன் பக்கத்துக்கே கூட்டிக்கொண்டு போனான். அங்கே சத்தியமாக ஒரு கல்மலை இருந்தது. மூங்கில் தடி பாதியில் முறிந்தது. முசே மீதி தூரத்தைக் கையும் காலுமாக ஏறினார். உச்சியில் உட்கார்ந்து, பிரெஞ்சு எல்லைப் பக்கம் சமதரையாகக் கிடந்த வயல்களையே ஏக்கத்தோடு பார்த்தார்.

"இதுவும் பிடிக்கலியா, முசே?"

முசே கண்ணை மூடிக்கொண்டு பாறையில் சாய்ந்தார். பிடிக்கவில்லை என்றுதான் அர்த்தம் என்று முடிவுகட்டி, ஆதிமூலம் அடுத்த வாரச் சனிக்கிழமை வரைக்கும் தினம் அங்கேயே ஏற்றினான். முறுக்கு டின் பிரிக்காமலேயே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதாம் வந்து இறங்கினாள். கணவரை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். சட்டை தொளதொளவென்று தொங்கியது.

"ஆதிமூலம்னா நீதானா?" என்றாள். அவன் கைகட்டி நின்றான். "என் தம்பி கிட்டச் சொல்றேன். உன்ன மாதிரி ஒரு ஆளு கெடைக்காது. இன்னும் ஒரு மாசம் இவர் இங்கயே இருக்கட்டும்."

முசே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

ஆதிமூலத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனாலும் மனதில் ஒரு குறை உறுத்தியது. குதிரைக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்த ரஷீதிடம் போனான்.

"பாய், மதாம் வாய் நெறைய சொல்லிட்டாங்க. முசேதான் ஒரு நல்ல வார்த்த சொல்லல. இல்லாத ஊருல மலைய உண்டாக்கிக் காட்டனேன். இன்னும் இன்னா கொற அவருக்கு?"

ரஷீத் வாளியைக் கீழே வைத்தார்.

"எப்பிடிபா சொல்லுவாரு? மலைக்குப் போன்னு மதாம் புடிவாதம் புடிச்சதும், பேருல மட்டும் மலை இருக்கற எடமா எங்கனா இருக்குதா பாய்னு என் கையப் புடிச்சிக் கேட்டாரு. நாந்தானே இந்த பங்களாவச் சொன்னேன்."