மொட்டை மாடி தாங்குமா?

இந்த ஒரு விஷயத்திலாவது தன் பேச்சுதான் கடைசிப் பேச்சு என்று ஆதிகேசவன் அன்று காலை கண்ணாடி முன் நின்று முடிவு செய்தார். கண்ணாடி ஒத்துக்கொண்டது. வீட்டில் அவர் சொன்னதை ஒத்துக்கொள்வது அது ஒன்றுதான்.

விஷயம் சோலார். ஸ்ரீராம்புரத்தில் அவருக்கு ஒரு எம்பிராய்டரி பட்டறை. சட்டைப் பையில் கம்பெனி பெயர் தைக்கிற கம்ப்யூட்டர் மெஷின்கள். வேலை கொடுக்கிற பெரிய சட்டை கம்பெனி, வெளிநாட்டுக்காரர்கள் கேட்கிறார்களாம், இனிமேல் சூரிய மின்சாரத்தில் ஓடும் பட்டறைக்குத்தான் முதல் ஆர்டர் என்று சொல்லிவிட்டது. பட்டறையை உண்மையில் நடத்துகிற அவர் மனைவி குமுதவல்லி அன்றே மொட்டை மாடியை அண்ணாந்து பார்த்தாள்.

அங்கேதான் வில்லங்கம். மாடியில் ஆதிகேசவனின் புறாக்கூண்டு. தேக்குச் சட்டம், இரும்பு வலை, உள்ளே பந்தயப் புறாக்கள். கல்யாண நாள் அவருக்கு மறந்துபோகும். எந்தப் புறா எந்த ஜோடிக்குப் பிறந்தது என்பது மறக்காது. பேனல் வந்தால் கூண்டு போகும். கூண்டு போனால் அவருக்குச் சாயங்காலமே கிடையாது. இதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? புறாவுக்காக ஆர்டரை விடுகிறேன் என்று எந்த மனுஷன் சொல்வான், அதுவும் குமுதவல்லியிடம்?

ஆகவே பாரத்தைத் தளத்தின் தலையில் போட்டார்.

"பழைய தளம் குமுதா. பேனல் வெயிட்டைத் தாங்காது."

"யார் சொன்னது?"

"இன்ஜினியரே வந்து சொல்வார்."

வந்தவர் உமேஷ், சோலார் கம்பெனி ஆள், கன்னடக்காரர். ஆதிகேசவன் அவரை முன்பே ஓட்டலுக்குக் கூட்டிப்போய், மசால் தோசை வாங்கிக் கொடுத்து, சொல்ல வேண்டியதைப் பாடம் பண்ண வைத்திருந்தார். பதிலுக்கு, நீலசந்திராவில் இருக்கும் தன் நண்பர் வெங்கடகிருஷ்ணனின் பெரிய கோடவுன் வேலையைப் பிடித்துத் தருவதாக வாக்கு.

குமுதவல்லி காபியை நகர்த்தி வைத்தாள்.

"சொல்லுங்க உமேஷ். மெஷின் பகல்ல ஓடுது. வெயிலும் பகல்லதான் அடிக்குது. கரண்ட் பில் குறையும், ஆர்டரும் கைவிட்டுப் போகாது. அப்புறம் என்ன தடை?"

உமேஷ் ஆதிகேசவனைப் பார்த்தார். ஆதிகேசவன் காலண்டரைப் பார்த்தார்.

"தளம் வீக் மேடம்."

"எவ்வளவு வீக்?"

"கொஞ்சம்..."

ஆதிகேசவன் குறுக்கே பாய்ந்தார். கொஞ்சம் போதாது. "பயப்படாம சொல்லுங்க சார். நேத்து நான் ஏறினேன், ஆடுது குமுதா."

"ஆடுதா?"

"ஊஞ்சல் மாதிரி."

அவள் பட்டறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே மெஷின்கள் தடதடவென்று தைத்துக்கொண்டிருந்தன.

"அந்தத் தளத்துக்கு அடியிலதான் நம்ம பொண்ணுங்க உட்கார்ந்து வேலை செய்றாங்க," என்றாள்.

"அதான் நானும் சொல்றேன். வெயிட்டே ஏத்தக் கூடாது."

"இனிமே ஏத்தக் கூடாது, சரி. ஏற்கெனவே ஏத்தினது?"

"எது?"

"தேக்கும் இரும்புமா ஒரு கூண்டு நிக்குதே. தீனி மூட்டை, தண்ணித் தொட்டி, சாயங்காலமானா நீங்க வேற. இதெல்லாம் என்ன, பஞ்சா?"

ஆதிகேசவன் மறுபடி காலண்டரைப் பார்த்தார்.

"ராம்கி," என்று மெஷின் ஆளைக் கூப்பிட்டாள். "மாடிக் கூண்டை இன்னைக்கே பிரிச்சு இறக்கிடுப்பா. பொண்ணுங்க உயிரை நெனச்சு சார் ரொம்பக் கவலைப்படுறாரு."

பிறகு உமேஷிடம் திரும்பி, கூண்டு போனபின் பேனல் வைக்கலாமா என்று சுத்தமான கன்னடத்தில் கேட்டாள். பாடம் பண்ணியதெல்லாம் தமிழில். தாய்மொழியில் பொய் சொல்ல உமேஷுக்கு நாக்கு எழவில்லை.

"தாராளமா வைக்கலாம் மேடம். தளம் கல்லு மாதிரி இருக்கு."

பேனல் வந்தது. புறாக்கள் வெங்கடகிருஷ்ணன் வீட்டுக்குப் போயின. ஆதிகேசவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார், உள்ளுக்குள் மட்டும் ஒரு சிரிப்பு. பந்தயப் புறாவை எங்கே கொண்டுபோய் விட்டாலும் அது தன் மாடிக்கே திரும்பும். வந்து பேனல்மேல் உட்காரும். சும்மாவா உட்காரும்? எச்சம் போடும், கரண்ட் இறங்கும், குமுதவல்லியும் இறங்கி வருவாள்.

புறாக்கள் வந்தன. உட்கார்ந்தன. எச்சமும் போட்டன. அவர் போன் அடித்தது.

"என்னங்க, போன்ல பார்க்கறேன், கிழக்கு வரிசைல கரண்ட் இறங்குது. உங்க ஆளுங்க வந்தாச்சா?"

"பாவம், அதுங்க வீடு அது. நான் என்ன பண்ண முடியும்? பேனலைக் கழட்டிடலாமா?"

"எதுக்குங்க? வாளியும் மாப்பும் மாடிப்படிகிட்ட வெச்சிருக்கேன். கழுவ ஆள் அனுப்ப வேணாம், வீட்டிலேயே இருக்குன்னு உமேஷ்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன். பேனலுக்கு அடியில நல்ல நிழல். கூண்டை அங்க போட்டுக்குங்க."

"தளம் தாங்குமா?" வாய் தவறி வந்துவிட்டது.

"ஊஞ்சல்ல உட்கார்ந்து துடைங்க."

இப்போது ஆர்டர் தவறாமல் வருகிறது. ஆதிகேசவன் விசிலடித்தால் புறாக்கள் மாடியில் இறங்குகின்றன. குமுதவல்லி போன் அடித்தால் ஆதிகேசவன் மாடி ஏறுகிறார்.