கப்பல் வந்தபோது கோலில் நின்றவன்

அந்தமானில் கப்பல் முன்னதாக வராது. தாமதமாக வரும். சில தடவை வராமலே போகும். முன்னதாக வந்தது ஒரே ஒரு தடவை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? இந்த நியாயத்தை என் வீட்டில் இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. படிப்பும் ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனாலும் எழுதி வைக்காவிட்டால் இவர்கள் சொல்வதே உண்மையாகிவிடும்.

அறுபதுகளின் கடைசி. போர்ட் பிளேரில் ஒரு காலேஜில் எனக்குத் தினக்கூலி. மஸ்தூர் என்பார்கள். மைதானத்தில் புல் வெட்டுவேன். மாடு விரட்டுவேன். சுண்ணாம்பில் கோடு போடுவேன். மழை அதை அழிக்கும். மறுபடி போடுவேன். (வருஷத்தில் முக்கால்வாசி மழை. என் பாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

கல்யாணம் ஆகி ஒரு வருஷம். மனைவி கனகம் ராமநாதபுரம் பக்கம் அவள் அப்பா வீட்டில் இருந்தாள். மாமனார் ஒரே பேச்சுதான். "பக்கா வேலை ஆகட்டும், அனுப்புறேன்." பக்கா வேலை என்றால் நிரந்தர வேலை. தினக்கூலிக்காரனுக்குப் பெண்ணைக் கட்டிக்கொடுத்தாயிற்று, கப்பலேற்றித் தரமாட்டாராம்.

அந்தச் சமயத்தில் பிரின்சிபால் பிள்ளைகளைக் கூட்டிப் பேசினார். "வரும் சீசனில் நம் கால்பந்து அணிக்குப் பெரிய எதிர்காலம் இருக்கிறது."

எதிர்காலம் இருந்தது. ஆட்டக்காரர்கள்தான் இல்லை. காலேஜில் பையன்களே கொஞ்சம். அதில் பாதிப் பேர் பந்து வந்தால் விலகிக்கொள்வார்கள். ஒருவன் கண்ணாடியைக் கழற்றினால் பந்து தெரியாது, போட்டுக்கொண்டால் ஓடமாட்டான். அவன்தான் சென்டர் ஃபார்வர்டு. கோலில் நிற்க எவனும் சம்மதிக்கவில்லை. பந்து வலிக்குமாம்.

விளையாட்டு மாஸ்டர் வங்காளி. தாஸ் மாஸ்டர். என்னைக் கூப்பிட்டுக் கோலில் நிற்கச் சொன்னார். காட்டிலாகா வேலைக்கு வந்த ராஞ்சிக்காரர்களோடு ஓர் ஆட்டம். அதில் ஜெயித்தால் வரும் சீசனுக்கு அணியை மெயின்லேண்டுக்கு அனுப்புவார்கள். அணி என்று ஒன்று வந்துவிட்டால் மைதானத்துக்கு ஒரு பக்கா ஆள் வேண்டும். "வோ ஆத்மி தும்," என்றார். அந்த ஆள் நீதான்.

அன்றைக்கே மாமனாருக்குக் கடிதம் எழுதினேன். காலேஜில் வேலை பக்கா ஆகிறது என்று. (ஆகிவிட்டது என்று எழுதவில்லை. ஆகிறது என்றுதான். இதையும் ஒருவரும் கேட்பதில்லை.) பதில் வந்தது. கனகத்தை அவரே அடுத்த மெட்ராஸ் கப்பலில் கூட்டிக்கொண்டு வருகிறாராம்.

ஆட்டத்துக்கு நாள் வைக்கும்போதே எல்லோரும் கேட்டது கப்பலைத்தான். இங்கே அப்படித்தான். கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்ப்பதுபோல எதற்கும் கப்பல் பார்ப்போம். நடுவர் ஒரு ஆபீசில் குமாஸ்தா. பிள்ளை என்று பெயர். அடித்துச் சொன்னார். "மெட்ராஸ் கப்பல் நாளன்னிக்கு. நான் பொறுப்பு." ஆட்டம் நாளைக்கு என்று முடிவாயிற்று.

முதல் பாதியில் இரண்டு பக்கமும் கோல் இல்லை. ராஞ்சிக்காரர்கள் வெறுங்காலோடு பறந்தார்கள். எங்கள் பையன்கள் ஷூ போட்டுக்கொண்டு நின்றார்கள். நான்தான் தடுத்தேன். நெஞ்சால், முழங்காலால், ஒரு தடவை முகத்தால்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரம். கீழே கடலில் சங்கு ஊதியது.

மைதானம் அப்படியே நின்றது.

"ஜஹாஜ் ஆ கயா!" என்று எவனோ கத்தினான். கப்பல் வந்துவிட்டதாம். அவ்வளவுதான். எங்கள் சென்டர் ஃபார்வர்டு பந்தை விட்டுவிட்டு ஓடினான். அன்றைக்கு அவன் ஓடியது அந்த ஒரு தடவைதான். பின்னாலேயே மற்றவர்கள். ஒருவனுக்கு அண்ணன் வருகிறான், ஒருவனுக்கு மணியார்டர், ஒருவனுக்கு ஒன்றுமில்லை, சும்மா பார்க்க. வேடிக்கை பார்த்த ஜனம் போயிற்று. பிரின்சிபால் போனார். நடுவர் பிள்ளை வாயில் விசிலோடு போனார். வீட்டில் வெங்காயம் தீர்ந்து மூன்று வாரமாம். பொறுப்பு என்று சொன்ன மனுஷன்.

நானும் ஓர் அடி எடுத்து வைத்தேன். கனகம் அந்தக் கப்பலில் இருக்கிறாள்.

"காளிமுத்து! ஹில்னா நஹி!" தாஸ் மாஸ்டர் கத்தினார். "கோல் சோடா தோ நோக்ரி கயா!" (அசையாதே. கோலை விட்டால் வேலை போச்சு.) சொல்லிவிட்டு அவரும் ஓடினார். அவருக்கு உருளைக்கிழங்கு.

மெட்ராஸ் கப்பலில் ராஞ்சிக்காரர்களுக்கு யாரும் வருவதில்லை. அவர்கள் கல்கத்தா வழி. அதனால் ஐந்தாறு பேர் மைதானத்திலேயே நின்றார்கள். அவர்கள் தலைவன் எத்வா, நல்லவன். பக்கத்தில் வந்தான்.

"தும் ஜாவ் பாய். ஹம் ருக்தா ஹை."

நீ போய் வா, நாங்கள் நிறுத்திக்கொள்கிறோம் என்கிறான். எதிரி சொல்கிறான். புத்தியுள்ளவன் போயிருப்பான். நான் நெஞ்சை நிமிர்த்தி, "நஹி. கேலோ," என்றேன். ஆடு என்று. அப்போது எனக்கு வயது இருபத்து நாலு. மூளை அதைவிடச் சின்னது.

ஆடினார்கள். தடுக்க ஒருவன் இல்லை. நான், இரண்டு மூங்கில், அவ்வளவுதான். வலப்பக்கம் அடித்தார்கள், விழுந்து பிடித்தேன். இடப்பக்கம் அடித்தார்கள், காலால் தள்ளினேன். மேலே போனதை விரல் நுனியால் தட்டினேன். எத்வாவே கைதட்டினான். என் வாழ்நாளில் நான் அப்படி எதையும் செய்ததில்லை. பார்த்தது ஓர் ஆடு. அதுவும் பாதியில் போய்விட்டது.

இதற்கிடையில் துறைமுகத்து ஜெட்டியில் கனகமும் மாமனாரும் இறங்கி நின்றிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஆள் வந்தது. அவர்களுக்கு வரவில்லை. கடைசியில் எங்கள் பையன் ஒருவன், "காளிமுத்து அண்ணனா? கிரவுண்டில இருக்காரு," என்று வழி காட்டியிருக்கிறான்.

மேட்டில் ஏறி வந்தார்கள். மாமனார் தலையில் டிரங்குப் பெட்டி. கனகம் என்னைப் பார்த்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் குரல் கேட்டது.

"ஏங்க!"

திரும்பினேன். எவன்தான் திரும்பமாட்டான்?

பந்து என் காதை உரசிக்கொண்டு போயிற்று. அதே நேரம் ரோட்டோரத்திலிருந்து விசில். நடுவர் பிள்ளை வெங்காயப் பையோடு நிற்கிறார். கையைத் தூக்கிவிட்டார். கோல்.

"யோவ், இம்புட்டு நேரம் நீ எங்கே இருந்தே?" என்றேன்.

"எங்கே இருந்தா என்ன? கண்ணால பார்த்தேன், கோல்."

"பிடிச்சதை எல்லாம்?"

"பார்க்காததைச் சொல்ல முடியுமாப்பா? சட்டம் இருக்குல்ல."

மாமனார் பெட்டியை இறக்கினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். அரை டிராயர். உடம்பெல்லாம் சேறு. மூக்கில் ரத்தம்.

"காலேஜுல வேலைன்னு எழுதுனீகளே மாப்ளே. என்ன வேலை?"

"பந்து பிடிக்கிறேன் மாமா."

"எங்கன பிடிச்சீக? பின்னாடில்ல கெடக்கு."

எத்வா சிரித்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது. அப்படியும் சிரித்தான்.

ஒன்றுக்குப் பூஜ்யம் என்று பிரின்சிபாலுக்குச் சொன்னார்கள். அவர் முருங்கைக்காய்க் கட்டோடு நின்று கேட்டுக்கொண்டார். அணியை மெயின்லேண்டுக்கு அனுப்பவில்லை. அடுத்த சீசனில் எதிர்காலம் இருக்கிறது என்றார். எனக்குப் பக்கா வேலையும் இல்லை. மாமனார் அன்றைக்கே தீர்ப்புச் சொன்னார். "கப்பல் திரும்புறப்ப புள்ளையக் கூட்டிட்டுப் போறேன்."

கனகம்தான் பேசினாள். "வழியெல்லாம் வாந்தி எடுத்து கொடலே வெளிய வந்துருச்சு. செத்தாலும் அந்தக் கப்பல்ல ஏறமாட்டேன். நீங்க போங்கப்பா."

என்மேல் ஆசையில் இருந்தாள் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. ஆனாலும் இருந்தாள். மாமனார் தனியாகப் போனார். வேலை பக்கா ஆக அப்புறம் ஆறு வருஷம் ஆயிற்று. அதுவும் வேறு ஆபீசில், தோட்டக்காரனாக.

பிள்ளைகள் பிறந்தார்கள். கனகம் இந்தக் கதையை ஒவ்வொருவருக்கும் சோறு ஊட்டும்போது சொன்னாள். நான் சாப்பிட வரத் தாமதித்தால், "அப்பாவைக் கூப்பிடாதீக, கோல் போயிரும்," என்று வீடே சிரிக்கும். மருமகள் வந்த முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டாள்.

ஒரு தீபாவளிக்கு எத்வாவையே வீட்டுக்குக் கூட்டிவந்தேன். சாட்சி. நான் தடுத்ததை எல்லாம் கையைக் காலை ஆட்டி நடித்துக் காட்டினான். கனகம் முறுக்கு வைத்தாள். முழுதும் கேட்டாள். "ஆகா, அப்படியா," என்றாள்.

மறுநாள் பக்கத்து வீட்டில் கதையைச் சொன்னாள். இரண்டு கோல்.

இப்போது பேரன் சொல்கிறான். அவன் கதையில் ஏழு. ஒன்றுதான் போயிற்று. ஒன்று.