அவசரக் குமிழி

"பொங்கிடுச்சு, ரிம்மா பாவ்லோவ்னா! நாலு புள்ளி அஞ்சுலயே பொங்கிடுச்சு!"

திங்கட்கிழமை காலையிலேயே ஆர்க்காடியின் முகத்தில் ஈயாடவில்லை. திரவ ஹீலியம் கொதிப்பது நாலு புள்ளி இரண்டு கெல்வினில். பொத்திப் பொத்திச் சூடேற்றினால் கொதிக்க மறந்துபோய், நாலு புள்ளி ஆறு வரைக்கும் சும்மா கிடக்கும். கண்ணாடிக் குழாயில் ஒரு தூசியோ கீறலோ இருந்தால் போச்சு, அதைப் பிடித்துக்கொண்டு குமிழி முன்னதாகவே கிளம்பிவிடும். அந்த நாலு புள்ளி ஆறைத் தொட்டுக் காட்டினால்தான் ஆர்க்காடிக்கு முனைவர் பட்டம். வெள்ளிக்கிழமை மாஸ்கோவிலிருந்து குழு வருகிறது. காட்டாவிட்டால் ஆய்வுக்கு மூடுவிழா.

"தூசியாத்தான் இருக்கும். ஸ்பிரிட் ஊத்திக் கழுவு," என்றார் ஆய்வகத் தலைவி ரிம்மா.

"அதைத்தான் புத்தாண்டு விருந்துல எல்லாரும் குடிச்சுட்டோமே!"

வேறு வழியில்லாமல் குழாயைத் துப்புரவுப் பணியாளர் கிளாஷாவிடம் கொடுத்தான். "அக்கா, பொட்டுத் தூசி இருக்கக் கூடாது. என் வாழ்க்கையே இதுலதான் இருக்கு."

"அதுக்கென்ன தம்பி, என்கிட்ட விடு."

செவ்வாயன்று நாலு புள்ளி நாலு.

"அக்கா, இன்னும் சுத்தமா!"

புதனன்று நாலு புள்ளி மூன்று. ஆர்க்காடிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஜாம் போட்ட தேநீரைக்கூடத் தள்ளி வைத்தான். அப்போதுதான் மண்டையில் பொறி தட்டியது. கழுவக் கழுவச் சீக்கிரம் கொதிக்கிறதென்றால் குற்றம் அழுக்கின் மேல் இல்லையே! குவாண்டம்! கொதிப்பைத் தடுக்கும் ஆற்றல் சுவரைக் குமிழி ஏறிக் குதிப்பதில்லை, சுவருக்குள்ளேயே நுழைந்து வருகிறது.

"உளறாதே. அதுக்கு இன்னும் எவ்வளவோ குளிரணும்," என்றார் ரிம்மா.

"இன்னொரு தடவை கழுவிப் பார்ப்போம். இன்னும் குறைஞ்சா நம்புவீங்களா?"

வியாழனன்று சரியாக நாலு புள்ளி இரண்டிலேயே கொதித்தது. ரிம்மா குனிந்து குழாயை உற்றுப் பார்த்தார்.

"குழாய் ஏன்ப்பா மங்கலா இருக்கு?"

"குளிர்ல அப்படித்தான் தெரியும்," என்றான் ஆர்க்காடி. அவன் ஏற்கெனவே பதினாறு பக்கம் எழுதிவிட்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை மாஸ்கோக் குழுவின் தலைவர் பதினாறு பக்கத்தையும் படித்துவிட்டு எழுந்து வந்து கை குலுக்கினார். ஆர்க்காடிக்குத் தரையில் கால் பாவவில்லை. வாசலில் வாளியோடு நின்ற கிளாஷாவை உள்ளே இழுத்து வந்தான்.

"பாதிப் பெருமை இவங்களுக்குத்தான் ஐயா. மூணு நாளா குழாயைக் கழுவினது இந்த அக்காதான்."

கிளாஷா வெட்கத்தோடு கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் என்னங்க பெருசா செஞ்சேன்? மொத நாள் சாம்பல் போட்டுத் தேய்ச்சேன், அடுத்த நாள் ஆத்து மணல், அதுவும் பத்தலேன்னதும் செங்கல் தூள்."