தக்காளிக்கு வெந்நீர்

இனி ஒரு சொட்டு டீசலும் வாங்குவதில்லை என்று தக்காளித் தோட்டக்காரர் சபதம் எடுத்தார். அவருடைய பசுமைக்குடிலைக் குளிர்காலம் முழுக்கச் சூடாக வைத்திருந்தது ஒரு பழைய கொதிகலன். அதற்குள் போன டீசல் யானை வாயில் போன கரும்பு.

கொதிகலனைக் கழற்றி எறிந்தார். குடிலை ஒட்டி சோலார் தகடுகள் வைத்தார். வெயிலில் சூடான தண்ணீரைப் பெரிய தொட்டியில் சேர்த்து, பாத்திகளுக்கு அடியில் குழாயில் ஓடவிட்டார். வெளியே பனி கொட்டியது. உள்ளே தக்காளி சிவந்தது. வீட்டுக்குள் மனைவியின் மூக்கும் சிவந்தது.

"ஏங்க, அந்தத் தொட்டியிலேர்ந்து வீட்டுக்கும் ஒரு குழாய் இழுத்தா என்ன?"

"சூடு செடிக்கே சரியா இருக்கு. பாவம், குளிருதுன்னு சொல்ல அதுக்கு வாயா இருக்கு?"

"எனக்கு இருக்கு. குளிருது."

"கம்பளி போத்திக்கோ."

மனைவி மறுபேச்சுப் பேசவில்லை. பதினாறு வருஷக் குடித்தனத்தில் இதுதான் முதல் தடவை. அவர் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை டீ குடிக்கச் சமையலறைக்குப் போனார். அடுப்பைக் காணோம். தேடிப் போனால், குடிலுக்குள் மூன்றாம் பாத்திக்கும் நான்காம் பாத்திக்கும் நடுவில் அடுப்பு, கட்டில், தையல் மெஷின், மனைவி.

"என்னடி இது?"

"குடில்ல குடித்தனம். கதவைச் சாத்துங்க, செடிக்குக் குளிரும்."

"வெளிய யாராவது பாத்தா?"

"பாத்தா டீ குடுப்பேன். வந்ததுதான் வந்தீங்க, அந்தப் பழுத்த இலையெல்லாம் கிள்ளிப் போடுங்க."

கிள்ளினார்.

மூன்றாம் நாள் மொத்த வியாபாரி வந்தார். தக்காளிக் கொடிக்குக் கட்டிய கயிறு அதற்குள் துணிக்கொடி ஆகியிருந்தது. காய்க்கொத்துகளுக்கு நடுவே தொங்கிய தோட்டக்காரரின் கோடு போட்ட அண்டர்வேரை வியாபாரி வெகுநேரம் பார்த்தார்.

"இது என்ன ரகம்?" என்றார்.

அன்று மத்தியானமே குழாய்க்காரருக்கு ஆள் போயிற்று.

"நல்லா யோசிச்சேன். தொட்டியில சூடு மிச்சம்தான். வீட்டுக்கும் இழுத்துடலாம்" என்று மனைவியிடம் அறிவித்தார்.

"உங்க மூளைக்குத்தான் இதெல்லாம் வரும்" என்றாள் மனைவி.

குழாய் நுழையப் படுக்கையறைச் சுவரில் துளை போடவேண்டும். அலமாரியை நகர்த்தினார்கள். அங்கே ஏற்கெனவே ஒரு துளை இருந்தது. அளவெடுத்த மாதிரி, துணி அடைத்து.

"இது எப்போ வந்துச்சு?"

குழாய்க்காரர் துணியை உருவினார். "குடிலுக்குக் குழாய் போட்ட அன்னைக்கே அக்கா போட்டு வைக்கச் சொல்லிட்டாங்க. நீங்க வழிக்கு வர மூணு மாசம் ஆகும்னாங்க, சார். ரெண்டே மாசத்துல வந்துட்டீங்க."